கால் நனையாத மண் வீடு

ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குத் தோட்டத்து மண்ணைப் போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைத்தால் போதும். சரளையும் மணலும் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் வண்டல் மெல்லப் படியும். கடைசியாக, அவசரமே இல்லாமல், களிமண் இறங்கும். அதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். மறுநாள் ஓர் அடிக்கோலை வைத்து அடுக்குகளை அளந்தால், அந்த மண்ணில் சுவர் எழுப்பலாமா என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

மணல் எலும்பு என்றால் களி பசை. பசை மிஞ்சினால் காயும்போது சுவர் வெடிக்கும், குறைந்தால் உதிரும். நம்மூர் மண் வீடுகளைக் கட்டிய தாத்தாக்கள் பாட்டில் இல்லாமலே, விரலிடுக்கில் தேய்த்தும் உருட்டிப் பார்த்தும் இதைக் கண்டுபிடித்தார்கள். மேல்மண்ணை விலக்கிவிடுவார்கள். அதில் வேரும் மக்கும் கலந்திருக்கும். செடிக்கு உயிர், சுவருக்கு எமன். கீழ்மண்ணை எடுத்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்துப் புளிக்க வைத்து, ஒரு முழ உயரம் சுவர் வைப்பார்கள். அது காய்ந்த பிறகுதான் அடுத்த முழம். இன்றைய ஒப்பந்தக்காரருக்குப் பைத்தியம் பிடிக்கவைக்கும் நிதானம் அது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் இந்த நிதானத்தைக் கொஞ்சம் சுருக்கினார்கள். அங்குள்ள மண் கட்டடக் கழகம் 1989இல், மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் ஆதரவோடு தொடங்கியது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சத்பிரேம் மைனி அதை வழிநடத்தி வந்தார். அவர்கள் முறை இது: அந்த வட்டாரத்துச் செம்மண்ணைச் சலித்து, 5 சதவீத அளவுக்குச் சிமென்ட் சேர்த்து, ஈரப்பதமாகக் கலந்து, கையால் இயக்கும் இரும்பு அழுத்தியில் வைத்து நெம்புகோலை இழுக்கிறார்கள். ஒரு கல் வெளியே வருகிறது. அதைச் சூளையில் சுடுவதில்லை. நிழலில் மூடிவைத்து, நான்கு வாரம் நீர் காட்டினால் சுவருக்குத் தயார். இதற்கு ஏற்ற மண்ணில் தோராயமாக 15 பங்கு சரளை, 50 பங்கு மணல், 15 பங்கு வண்டல், 20 பங்கு களி இருக்க வேண்டும். உங்கள் மண் இதற்குக் கொஞ்சம் முன்பின் இருந்தால் மணலோ களியோ சேர்த்துச் சரிக்கட்டலாம். இப்படிப்பட்ட கல்லால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம், 1992இல் ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென வழங்கப்பட்ட ஹசன் ஃபாத்தி விருதைப் பெற்றது.

‘சிமென்ட் சேர்த்த பிறகு அது என்ன மண் வீடு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்ஸைடில் 7, 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. ஆனால் செங்கல்லைச் சுட எரிக்கும் விறகும் கரியும் இங்கே மிச்சம். சிமென்ட்டே வேண்டாம் என்பவர்களுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, ஊறவைத்து, கடுக்காய்ச் சாறும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, இறுகும்போது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சுவரும் மூச்சு விடும். பழைய மண் சுவருக்குச் சிமென்ட் பூச்சு பூசியவர்கள் இந்த வித்தியாசத்தைப் பட்டு அறிந்திருப்பார்கள்: உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல், சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

மண் வீடு இடிவது பெரும்பாலும் மண்ணின் குற்றமில்லை. ஏமனில் ஷிபாம் நகரத்து மண் கோபுர வீடுகள் பல மாடி உயரத்தில், பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. ஆனால் அங்கே மழை குறைவு. பூச்சையும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஐப்பசி மழைக்குச் சுவரின் கால் நனையக் கூடாது. வானம் தோண்டிக் கருங்கல்லால் அஸ்திவாரம் போட்டு, தரைக்கு மேலேயும் ஒன்றரை இரண்டு அடி கல் கட்டி, அதன்மேல்தான் மண்ணை ஏற்ற வேண்டும். கரையானும் அவ்வளவு எளிதில் ஏறாது. மேலே, சாரல் சுவரில் படாதபடி தாழ்வாரம் நீள வேண்டும். நம் பழைய ஓட்டு வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல.

ஊருக்கேற்பக் கட்டும் இந்த முறையைத்தான் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வாழ்நாளெல்லாம் செய்து காட்டினார். 1945இல் தொழுநோயாளிகளுக்கான பணிக்கு இந்தியா வந்த ஆங்கிலேயர் அவர். பித்தோராகட் மலையூரில் உள்ளூர்க்காரர்கள் கட்டிய வீடுகளைப் பார்த்து, தான் பர்மிங்ஹாமில் படித்ததெல்லாம் இங்கே செல்லாது என்று ஒப்புக்கொண்டார். வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி தம்மிடம் சொன்னதை அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சுவரைக் கட்டும்போது செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்திவைத்து நடுவே வெற்றிடம் விட்டதால், கால்வாசிக் கல் மிச்சம்; உள்ளே குளிர்ச்சி உபரி.

மண் வீடு மலிவு என்பது மட்டும் முழு உண்மை அல்ல. பொருள் செலவு குறையும், கூலி ஏறும். மண் வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது. வங்கிக் கடனுக்குப் போனால் அதிகாரி முகம் சுளிப்பார். இதற்கெல்லாம் மேலே ஒன்று: மண் வீடு என்றாலே வறுமை என்ற எண்ணம். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டம், குடிசை இல்லாத தமிழகம் என்ற இலக்கோடு, வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் தந்து 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்ட முனைந்திருக்கிறது. ஒழுகும் கூரையின் கீழ் கிடந்தவருக்கு அது பெரிய விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்தின் கீழ் படுத்துப் பார்த்தவர்கள், சுவராவது மண்ணாக இருந்திருக்கலாமே என்று நினைத்தால் தப்பில்லை.

மண் கல்லில் கட்டலாமா என்று கேட்கும்போது உங்கள் பொறியாளர் ‘அதெல்லாம் நிற்காதுங்க’ என்று கையை விரித்தால், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் இரண்டு எண்களை அவரிடம் சொல்லுங்கள். பதப்படுத்திய மண் கல்லுக்கு ஐ.எஸ். 1725, மண் கட்டடங்களை நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கு ஐ.எஸ். 13827.