குளிர் நாளும் மாதவிலக்கு வலியும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. அங்கே மலை முழுவதும் தேயிலைத் தோட்டம். கொழுந்து எடுக்கும் பெண்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுடைய பாட்டன், பாட்டி காலத்தில் பிழைப்புக்காக மலை ஏறியவர்கள்.

மார்கழி, தை மாதங்களில் அங்கே கடும் குளிர். சில நாள் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

அங்கே ஒரு லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். பதினாறு வயது மகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள். இன்று அவளுக்கு மாதவிலக்கு. அடிவயிறு சுருட்டிப் பிடிக்கிறது. இடுப்பும் தொடையும் வலிக்கின்றன.

"எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்கிறாள் அம்மா. அவளும் அப்படித்தான் இருபது வருடமாகப் பொறுத்தவள்.

அந்த நேரம் ஆஷா பணியாளர் வருகிறார். மகளைப் பார்க்கிறார். "பொறுக்க வேண்டாம் அக்கா. இதுக்கு வழி இருக்கு" என்கிறார்.

வலி ஏன் வருகிறது?

கர்ப்பப்பை ஒரு தசைப் பை. மாதவிலக்கின்போது அதன் உள்பக்கத்து மெல்லிய படலம் கழன்று உதிரத்தோடு வெளியேறுகிறது. அதை வெளியே தள்ளக் கர்ப்பப்பை சுருங்கி விரிகிறது. இப்படிச் சுருங்க வைப்பது, உடலில் ஊறும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அது அதிகமாக ஊறினால் வலியும் அதிகம். முதல் இரண்டு நாள் வலி கூடுதலாக இருப்பது இதனால்தான்.

குளிரால் மாதவிலக்கு வருவதில்லை. குளிரில் உதிரம் உறைந்து நிற்பதும் இல்லை. ஆனால் குளிரில் உடம்பு விறைக்கிறது. தசைகள் இறுகுகின்றன. அதனால் இருக்கிற வலி பெரிதாகத் தெரியலாம்.

என்ன செய்யலாம்?

வெந்நீர் ஒத்தடம் நல்லது. ரப்பர் பையில் சூடான நீரை ஊற்றுங்கள். கொதிக்கிற நீர் வேண்டாம். பையைத் துணியில் சுற்றி, அடிவயிற்றில் கால் மணி நேரம் வையுங்கள். இடுப்பிலும் வைக்கலாம். பை இல்லையா? கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள். முதலில் கையில் வைத்துச் சூடு பாருங்கள். தோல் வெந்துவிடக் கூடாது.

வெந்நீரில் குளிக்கலாம். தலைக்கும் குளிக்கலாம். அதனால் கெடுதல் இல்லை. குளித்த பின் ஈரம் துவட்டி, காலுக்கு உறை போட்டுக் கொள்ளுங்கள். முடிந்தால் கொஞ்சம் நடங்கள். நடந்தால் வலி குறையும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். இபுபுரூஃபன், மெஃபினமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் ஊறுவதைக் குறைக்கும். எந்த மாத்திரை, எத்தனை என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். வலி தொடங்கியதுமே போட்டால்தான் பலன் அதிகம். வெறும் வயிற்றில் போடக் கூடாது. வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் இவற்றைத் தாமாகப் போடவே கூடாது.

துணி காயவில்லையே!

பனிக்காலத்தில் துணி சரியாகக் காயாது. வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில் மறைத்துப் போட்டால் இன்னும் காயாது. ஈரத்துணி அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் போடுங்கள். வெயில் இல்லையென்றால் காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காய விடுங்கள். ஜன் ஔஷதி மருந்துக் கடையில் 'சுவிதா' நாப்கின் 2019 முதல் ஒன்று 1 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அம்மாவின் கதை

ஆஷா பணியாளர் சொன்னதை எல்லாம் அம்மா கேட்டாள். மெதுவாக வாய் திறந்தாள்.

"எனக்கு ஒரு வருஷமா பத்து நாள் படுது தங்கச்சி. கட்டி கட்டியா போகுது. மேடு ஏறினா மூச்சு வாங்குது. யார்கிட்டே சொல்ல?"

"இது சாதாரண வலி இல்லை அக்கா. நாளைக்கே டாக்டர்கிட்டே போகணும்."

அம்மா போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. புற்றுநோய் அல்ல. உதிரம் அதிகம் போனதால் ரத்த சோகையும் இருந்தது. வைத்தியம் தொடங்கியது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ குடிக்க வேண்டாம் என்றார்கள். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஏழு நாளுக்கு மேல் உதிரம் போனால்.
ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் துணி நனைந்துவிட்டால்.
மாத்திரை போட்டும் வலி அடங்காவிட்டால்.
முன்பு இல்லாத வலி புதிதாக வந்தால்.
மாதவிலக்கு இல்லாத நாளிலும் அடிவயிறு வலித்தால்.
வலியோடு காய்ச்சலோ, துர்நாற்றமோ இருந்தால்.
நாள் தள்ளிப் போய், பிறகு கடும் வலி வந்தால். அன்று உடனே போக வேண்டும்.

சகோதரிகளே, வலியைப் பொறுப்பது பெருமை அல்ல. சொல்லாத வலிக்கு வைத்தியம் கிடையாது. அந்த அம்மா இருபது வருடம் சொல்லவில்லை. மகள் இனி சொல்வாள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் மகள் இந்த வலியை யாரிடம் சொல்கிறாள்?
2. மாதவிலக்குத் துணியை நீங்கள் எங்கே காய வைக்கிறீர்கள்?
3. மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று உங்களுக்கு இருக்கிறதா? யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?