மகப்பேற்றுக் கால உதவிகள்: எவை ‘பொதுநிதி’, எவை அல்ல?

கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் செலவிடும் பணம் பல வழிகளில் வந்து சேர்கின்றது. ஆயினும், தமது விசாவில் ‘பொதுநிதி பெற அனுமதி இல்லை’ என்னும் நிபந்தனை உள்ள சிலர், எந்த உதவியையும் நாடலாகாது என எண்ணி, குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்வதைக்கூடத் தவிர்த்து விடுகின்றனர். இதனால் தாய்க்கும் குழந்தைக்கும் கிடைக்க வேண்டிய பராமரிப்பு தாமதமாகின்றது. குடிவரவு விதிகளில் ‘பொதுநிதி’ என்னும் சொல் அரசின் பணம் முழுவதையும் குறிப்பதன்று. அவ்விதிகளில் பெயர் குறித்துப் பட்டியலிடப்பட்டுள்ள கொடுப்பனவுகளையும் வீட்டு உதவிகளையும் மட்டுமே அது குறிக்கும்.

மருத்துவப் பராமரிப்பு

என்.எச்.எஸ். மருத்துவ சேவை பொதுநிதிப் பட்டியலில் இல்லை. இங்கிலாந்தில் எவரும் குடும்ப வைத்தியரிடம் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம்; விசா ஆவணமோ முகவரிச் சான்றோ இல்லை என்பது மறுப்பதற்குரிய காரணம் ஆகாது. வைத்தியரைச் சந்திக்காமலே வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவை நேரடியாகவும் தொடர்புகொள்ளலாம். மருத்துவமாதுடனான முதற் சந்திப்பு கர்ப்பத்தின் 10ஆம் வாரத்திற்குள் நிகழ்வது நன்று.

நிரந்தர வதிவிட அனுமதி உள்ளோர், அகதி அந்தஸ்துப் பெற்றோர், புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளோர், விசாவுடன் குடிவரவுச் சுகாதாரக் கட்டணம் செலுத்தியோர் ஆகியோரிடம் மகப்பேற்றுப் பராமரிப்புக்குப் பணம் அறவிடப்படுவதில்லை. வருகையாளர் விசாவில் உள்ளோரிடமும், விசாக் காலம் முடிந்த பின் தங்கியிருப்போரிடமும் பொதுவாக என்.எச்.எஸ். செலவின் 150 சதவீதம் அறவிடப்படும். எனினும் மகப்பேற்றுப் பராமரிப்பு உடனடித் தேவையாகக் கருதப்படுவதால், பணம் செலுத்த முடியாமை காரணமாக அதனை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. 500 பவுண் அல்லது அதற்கு மேற்பட்ட தொகை இரண்டு மாதங்களுக்கு மேல் செலுத்தப்படாதிருப்பின், அது பின்னைய விசா விண்ணப்பத்தைப் பாதிக்கக்கூடும். ஆகவே கட்டணப் பட்டியல் வந்தவுடன் வைத்தியசாலையுடன் பேசித் தவணை முறையில் செலுத்த உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின் பின் 12 மாதங்கள் வரையிலும் மருந்துச் சீட்டுக்கும் என்.எச்.எஸ். பற்சிகிச்சைக்கும் கட்டணமில்லை. இதற்கான விலக்குச் சான்றிதழை மருத்துவமாதிடம் கேட்டுப் பெறலாம்.

வேலை செய்வோருக்கான மகப்பேற்று ஊதியம்

சட்டப்படியான மகப்பேற்று ஊதியமும் மகப்பேற்று உதவித் தொகையும் பொதுநிதி அல்ல. பொதுநிதி நிபந்தனை உள்ளவர்களும் இவற்றைப் பெறலாம்.

மகப்பேற்று ஊதியம் 39 வாரங்கள் வரை வழங்கப்படும். முதல் 6 வாரங்களுக்குச் சராசரி வார ஊதியத்தின் 90 சதவீதம் கிடைக்கும். எஞ்சிய 33 வாரங்களுக்கு அரசு நிர்ணயித்த தொகை அல்லது அதே 90 சதவீதம், இவற்றுள் குறைந்தது கிடைக்கும். பிரசவ வாரத்திற்கு முந்திய 15ஆம் வாரத்தில், அதே வேலையில் 26 வாரங்களேனும் தொடர்ந்து இருந்திருத்தல் வேண்டும். குறித்த வருமான எல்லையும் உண்டு. சிறிய கடை நடத்துபவருக்கு இது பெருஞ்சுமை எனச் சிலர் கேட்கவே தயங்குகின்றனர். உண்மையில் தொழில்தருநர் இத்தொகையின் 92 சதவீதத்தை அரசிடமிருந்து மீளப் பெறுகின்றார். சிறு தொழில்தருநருக்கு முழுத் தொகையும் அதற்கு மேல் ஒரு சிறு ஈடும் கிடைக்கும்.

இதற்குத் தகுதி பெறாதோரும் சுயதொழில் செய்வோரும் மகப்பேற்று உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பிரசவத்திற்கு முந்திய 66 வாரங்களுள் 26 வாரங்கள் வேலை செய்திருந்தால் போதும். அவ்வாரங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அவற்றுள் 13 வாரங்களிலேனும் வாரத்திற்கு 30 பவுண் அல்லது அதற்கு மேல் உழைத்திருத்தல் வேண்டும். சுயதொழில் செய்பவராகப் பதிவு பெற்ற கணவரின் தொழிலில் ஊதியமின்றி உழைக்கும் மனைவிக்கும், உரிய நிபந்தனைகளின்படி, 14 வாரங்கள் வரை வாரத்திற்கு 27 பவுண் கிடைக்கலாம்.

கர்ப்பத்தின் 20ஆம் வாரத்தின் பின் மருத்துவமாது அல்லது வைத்தியர் தரும் எம்.ஏ.டி. பி1 சான்றிதழ் இவற்றுக்குத் தேவைப்படும்.

பொதுநிதிப் பட்டியலில் உள்ளவை

யூனிவர்சல் கிரெடிட், பிள்ளைக் கொடுப்பனவு, சுவர் ஸ்டார்ட் மகப்பேற்று மானியம் ஆகியன பொதுநிதியாகும். நிபந்தனை இல்லாதோர் இவற்றைக் காலந்தாழ்த்தாது கோருதல் வேண்டும். மகப்பேற்று மானியம் 500 பவுண். உரிய அரச கொடுப்பனவு பெறுவோருக்குப் பொதுவாக முதற் குழந்தைக்கே வழங்கப்படும். அகதி அந்தஸ்துப் பெற்று, இந்நாட்டுக்கு வருமுன் பிறந்த பிள்ளைகள் உள்ளோருக்கு விதிவிலக்கு உண்டு. பிரசவத் திகதிக்கு 11 வாரங்களுக்கு முன்பிருந்து பிறந்த 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைக் கொடுப்பனவு 3 மாதங்களுக்கு மட்டுமே முன்தேதியிட்டு வழங்கப்படும்.

பால், பழம், காய்கறி வாங்க உதவும் ஹெல்தி ஸ்டார்ட் அட்டைக்கு, உரிய கொடுப்பனவு பெறும் குறைந்த வருமானக் குடும்பங்கள் கர்ப்பத்தின் 10ஆம் வாரத்திலிருந்து விண்ணப்பிக்கலாம்.

தங்குமிடம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மணமாகாத கர்ப்பிணிகள் பலர், தேவாலயங்களும் அறநிலையங்களும் நடத்திய தாய்-சேய் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1949க்கும் 1976க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 185,000 குழந்தைகள் மணமாகாத தாய்மாரிடமிருந்து தத்துக்கு எடுக்கப்பட்டதாக நாடாளுமன்றக் குழுவொன்று 2022இல் மதிப்பிட்டது. 1977ஆம் ஆண்டின் வீடற்றோர் சட்டம் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமைத் தேவை உண்டென வரையறுத்தது. இன்று 1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் அவ்வுரிமை உள்ளது. மணமானவரா என்பது இதில் கேள்வியன்று. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவரும், 56 நாட்களுக்குள் வீடிழக்கும் நிலையில் உள்ளவரும் மன்றத்தின் வீடற்றோர் பிரிவை நாடலாம். படுக்கையும் காலையுணவும் தரும் விடுதியில் கர்ப்பிணியை 6 வாரங்களுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. எனினும் இவ்வுதவி பொதுநிதிப் பட்டியலில் அடங்கும் என்பதை நினைவிற் கொள்க.

நிபந்தனை உள்ளோருக்கான வேறு வழிகள்

வறுமையில் உள்ள குடும்பத்தில் பிள்ளை இருப்பின், 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி மன்றத்தின் சிறுவர் சேவைப் பிரிவு தங்குமிடமும் பண உதவியும் வழங்கலாம். இது பொதுநிதி அன்று. குடும்ப விசாவில் உள்ளோர், நிபந்தனையை நீக்குமாறு உள்துறை அமைச்சிடம் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். துணைவரின் வன்முறையால் உறவு முறிந்தோர் சிலருக்கு, 3 மாதங்கள் பொதுநிதி பெறும் தனிச் சலுகை உண்டு. அரச ஆதரவில் உள்ள புகலிடக் கோரிக்கையாளருக்கு 300 பவுண் மகப்பேற்றுக் கொடுப்பனவு உண்டு. பிரசவத்திற்கு முந்திய 8 வாரங்களுக்குள் அல்லது குழந்தைக்கு 6 வாரம் நிறையுமுன் அதனைக் கோர வேண்டும்.

மொழியுதவியும் ஆலோசனையும்

மருத்துவச் சந்திப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். கணவரோ பிள்ளைகளோ மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மருத்துவமாதிடம் தனிமையில் பேசவும் கேட்கலாம். பட்டியலில் உள்ள எதனையும் கோருமுன் உங்கள் விசா நிபந்தனையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறாகப் பெறுவது விசாவைப் பாதிக்கலாம். ஐயம் இருப்பின் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தையோ, மெட்டேர்னிட்டி அக்‌ஷன் அமைப்பையோ, தகுதி பெற்ற குடிவரவு ஆலோசகரையோ நாடுங்கள். அவ்வாலோசனைக்காகக் காத்திருந்து மருத்துவமாதைச் சந்திப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.