மூன்று கிலோவும் முந்நூறு கிராமும்

ராமேசுவரம் சென்றால் பேக்கரும்பில் அப்துல் கலாமின் நினைவிடத்தைக் காணாமல் திரும்புவீர்களா? அங்கே அக்னி ஏவுகணையின் மாதிரியை அண்ணாந்து பார்க்கும்போது இந்தச் செய்தியையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

1989-ல் முதன்முதலாகப் பாய்ந்த அக்னிக்காக, உறுதியும் லேசும் சேர்ந்த ஒரு பொருளை ஐதராபாத்தில் உருவாக்கியிருந்தார்கள். நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் எலும்பு வைத்தியர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். உடனே கலாமைத் தம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் உலோகக் காலிப்பரைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

இளம்பிள்ளை வாதம் கண்ட காலில் தசை சூம்பிப் போகும். எலும்பும் சரியாக வளராது. அந்தக் காலுக்கா இத்தனை பாரம்?

மூன்றே வாரத்தில் புதுக் காலிப்பர் தயார். எடை 300 கிராம்! குழந்தைகள் ஓடியாடியதைக் கண்டு பெற்றவர்கள் கண்ணீர் விட்டார்களாம். தமக்குப் பேரானந்தம் தந்த காரியங்களில் ஒன்றாக இதைக் கலாம் குறிப்பிட்டார்.

2014-ல் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது. ஆனால், பிறவிக் குறையாலும் எலும்பு நோயாலும் கால் வளராத பிள்ளைகள் இன்றும் உண்டு. அப்படி ஒரு குழந்தை உங்கள் தெருவில் இருந்தால், "தலையெழுத்து" என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காலிப்பருக்கு வழி கேளுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பிள்ளை வளர வளர, காலிப்பரையும் மாற்றியாக வேண்டும்!