எடைக்கல்லே எடை கூடினால்?

ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போகிறீர்களா? மேகம் இல்லையென்றால், இரவு 10 மணிவாக்கில் வடக்கு வானத்தில் உயரே பாருங்கள். நீலம் கலந்த வெள்ளையாய் ஒரு நட்சத்திரம் பளிச்சிடும். அதுதான் அபிஜித். விஞ்ஞானிகள் அழைக்கும் பெயர் வேகா. தூரம், சுமார் 25 ஒளியாண்டுகள்.

கடைத்தராசுக்கு எடைக்கல் எப்படியோ, டெலஸ்கோப்புக்கு வேகா அப்படி. அதிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அளப்பது பெரும்பாடு. காற்றிலுள்ள நீராவி அதை விழுங்கும். டெலஸ்கோப்பின் சொந்தச் சூடும் கலந்துவிடும். அதனால்தான் லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இமாலயன் சந்திரா டெலஸ்கோப்பிலும், ஒளியளவு முன்பே தெரிந்த நட்சத்திரத்தையும் பார்த்து ஒப்பிடுகிறார்கள்.

1983-ல் ஐராஸ் என்ற விண்வெளி டெலஸ்கோப், தன் கருவியைச் சரிபார்க்க வேகாவைப் பார்த்தது. கணக்குப்படி வரவேண்டியதைவிடப் பல மடங்கு அகச்சிவப்பு வந்தது. கருவியில் கோளாறா? இல்லை. வேகாவைச் சுற்றி ஒரு தூசு வட்டு! நட்சத்திரத்தின் ஒளியில் சூடேறி, அந்தத் தூசும் கதிர்வீசிக்கொண்டிருந்தது. வேறு சூரியன்களைச் சுற்றியும் கோள்கள் உருவாகலாம் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய பலம்.

அதன்பிறகு, அலைநீளம் கூடிய அகச்சிவப்பை அளக்க வேகாவை மட்டும் நம்புவதில்லை. தூசு இல்லாத வேறு நட்சத்திரங்களையும் எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள்.