மேஜைமேல் அசல் உத்தர்

"இத்தனை வயசுக்கு மேல பொம்மை வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறாராம்" என்று நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னைப் பற்றிச் சொல்வதுண்டு. பொம்மை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தரும் முறையை பிரஷ்ய ராணுவம் 1824-லேயே ஏற்றுக்கொண்டது. எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலின் மூலம் இந்த விளையாட்டை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். நிஜப் போரை அதே நூலில் கடிந்தும் எழுதினார்.

நான் சேர்ப்பது 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில், அசல் உத்தர் கிராமத்தருகே மோதிய வண்டிகளை. பாகிஸ்தான் தரப்பில் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள். (பிள்ளைகள் 'பாட்டன்' என்றதும் தாத்தா என்று சிரிக்கிறார்கள், அது ஓர் அமெரிக்கத் தளபதியின் பெயர்.) நம் தரப்பில் பிரிகேடியர் தியோகராஜின் கவசப் படையைச் சேர்ந்த செஞ்சூரியன், பழைய ஷெர்மன், எடை குறைந்த ஏ.எம்.எக்ஸ்-13. "நம்ம ஆவடி விஜயந்தாவையும் வையுங்களேன்" என்று கேட்பார்கள். வைக்க முடியாது. ஆவடியில் அது உருவாகி வந்ததெல்லாம் இந்தப் போருக்குப் பிறகுதான்.

என் வண்டிகள் 72-ல் ஒரு பங்கு அளவு. பாட்டன் ஏறக்குறைய 5 செ.மீ. அகலம் வரும். இங்கே ஒரு சிக்கல். வண்டியை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் தூரத்தையும் அப்படித்தானே சுருக்க வேண்டும்? ஆயிரம் மீட்டர் தூரம் சுடுவதைக் காட்ட, மேஜை கிட்டத்தட்ட 14 மீட்டர் நீளம் வேண்டும். டெல்லி ஃப்ளாட்டில் அதற்கு எங்கே போவது! அதனால் நிலத்துக்கு மட்டும் வேறு அளவு. 300-ல் ஒரு பங்கு வண்டிகள் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் என் கண்ணுக்கு அது கட்டுப்படியாகாது.

பெயின்ட் விஷயத்துக்கு வருவோம். பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் ஒட்டாது. ஒட்டிக் காயவைத்து, பிரைமர், அப்புறம் அடிநிறம். நிஜ டாங்கியின் பச்சையை அப்படியே பூசினால் சின்ன வண்டியில் கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெளுப்பாகக் கலக்க வேண்டும். நீர்த்த கரும்பழுப்பை மேலே ஓடவிட்டால் இடுக்குகளில் தேங்கி நிழலாகிவிடும். கடைசியில் கிட்டத்தட்ட காய்ந்த தூரிகையால் விளிம்புகளை லேசாகத் தடவினால் இரும்பு இரும்பாகவே தெரியும். மே மாதத்தில் அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்துபோகும், விடியற்காலைதான் சரி.

சங்கிலிச் சக்கரத்தில் மட்டும் சேற்றைத் தாராளமாகப் பூசுவேன். காரணம் உண்டு. இரும்புத் தகட்டின் கனத்தையும் பீரங்கியையும் மட்டும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிற விதிகளில் ஆடினால் பாட்டன்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. நடந்தது அதுவல்ல. வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு, நம்மவர்கள் குதிரை லாட வடிவில், ஆளுயரக் கரும்புக்குள் மறைந்து காத்திருந்தார்கள். சேற்றில் சிக்கிய பாட்டன்களைப் பக்கவாட்டில் சுட்டார்கள். எதிரி இழந்தவை 97 டாங்கிகள் என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. ஆகவே எங்கள் வீட்டு விதி: ஈர வயலில் நுழையும் டாங்கிக்குப் பகடை உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் அங்கேயே நிற்கணும். கரும்புக்குப் பச்சைச் சாயம் தோய்த்த தேங்காய் நார்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். ஆட்டத்தைப் பார்க்க வந்தவர் டாங்கிகளைத் தொடவே இல்லை. ஓரத்திலிருந்த ஜீப்பை எடுத்தார். பின்பக்கம் 106 மி.மீ. பீரங்கி ஏற்றியது, அப்துல் ஹமீது பல டாங்கிகளைச் சுட்டு வீழ்த்தி, செப்டம்பர் 10-ல் உயிர் விட்டதும், பின்னர் பரம்வீர் சக்ரா பெற்றதும் அப்படிப்பட்ட ஜீப்பிலிருந்துதான். அதைப் பாட்டன் பக்கத்தில் குறுக்காக வைத்துப் பார்த்தார். நாலரை செ.மீ.தான், ஜீப்பின் நீளம் டாங்கியின் அகலத்துக்கே எட்டவில்லை. "மேல கூரைகூட இல்லையே சார்," என்றார். பிள்ளைகள் பகடையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஒரே ஒரு ஷெர்மன் வாங்குங்கள். பாகங்கள் குறைவான பெட்டியாகப் பார்த்து எடுங்கள். சங்கிலி தனித்தனித் துண்டாக வருவதை முதல் வருடம் தொட வேண்டாம்.