பூனைக்குச் சோறிடுவோர் பொறுப்பு

கே.கே. நகர் போன்ற அடுக்குமாடிப் பகுதிகளில், மாடிப்படியடியில் ஒருவர் பூனைக்கு மீன்சோறு வைப்பதும், மற்றொருவர் கண்டிப்பதும், பின் இரு வீட்டாரும் முகம் பாராதிருப்பதும் நாம் அறிந்தவையே. சட்டம் என்ன கூறுகிறது?

1976-ஆம் ஆண்டின் 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக்கிற்று. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் 20-ஆவது, குடியிருப்பில் வாழும் விலங்குகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திற்கும் உள்ளாட்சிக்கும் அளிக்கிறது. சோறிடுவோர்க்கும் கடமையுண்டு. மாடிப்படி, வாயில், குழந்தைகள் விளையாடுமிடம் ஆகியவற்றை விலக்கி, குறித்த இடத்தில், குறித்த வேளையில் வைத்தல் வேண்டும், மிச்சத்தைச் சிதறவிடலாகாது. பிணக்கு எழுந்தால் தீர்த்துவைக்க விலங்கு நலக் குழு அமைக்கவும் அவ்விதி வழி செய்துள்ளது.

பூனையைக் கோணியிற் கட்டித் தொலைவில் விட்டுவருவது எளிதெனச் சிலர் எண்ணலாம். தக்க காரணமின்றி, பசியால் துன்புற நேரும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஆகவே, அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இடத்தையும் வேளையையும் முடிவு செய்து எழுதி வைப்போமாக. சோறு மட்டும் இட்டால் குட்டிகள் பெருகுமாதலின், கருத்தடைச் செலவிற்கும் ஆளுக்குச் சிறிது பொருள் ஒதுக்குவது நலம்.