சம்பளம் வேகிற அடுப்படி

சம்பளத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று கேட்டால் எந்த எச்.ஆரும் சிரித்து மழுப்புவார். ஆனால் ஒரு கம்பெனி அடுப்படிக் கதவைத் திறந்தே வைத்தது. வாங்க, எட்டிப் பார்ப்போம்!

கிட்லேப் என்ற மென்பொருள் கம்பெனி அது. தலைமை அலுவலகம் என்று ஒரு கட்டடமே கிடையாது, எல்லாருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. 2021-ல் நாஸ்டாக்கில் பங்கு வெளியிட்டபோதும் அப்படித்தான். அவர்களுடைய பணி விதிகளை இணையத்தில் யாரும் படிக்கலாம். சம்பளச் சூத்திரமும் அதில் வந்தது!

முதலில் அந்த வேலைக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் என்ன சம்பளம் என்று பார்த்தார்கள். அதை உங்கள் ஊருக்குரிய எண்ணால் பெருக்கினார்கள். அனுபவம், பதவியெல்லாம் அப்புறம். உங்கள் ஊர் எண் 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லட்சம் டாலர் வேலை, அறுபதாயிரம் ஆகிவிடும். ஆரம்ப காலத்தில் அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டு வாடகையிலிருந்து! பிறகுதான் உள்ளூர்ச் சம்பள நிலவரத்துக்கு மாறினார்கள். எல்லாருக்கும் உச்சச் சம்பளம் கொடுத்தால் குறைவான ஆட்களைத்தான் எடுக்க முடியும் என்பது அவர்கள் வாதம்.

கூகுளிலும் 2021-ல் ஒரு கணக்குக் கருவி வந்தது. நியூயார்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் ஸ்டாம்ஃபோர்டு. அங்கிருந்து தினமும் ஆபீஸ் போனால் முழுச் சம்பளம். அதே வீட்டில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தால் 15 சதவீதம் குறையும் என்று காட்டியதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. அதே ஆள், அதே வீடு!

இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. கிட்லேப் பிறந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் உக்ரைனில், குழாய்த் தண்ணீர்கூட இல்லாத வீட்டில், பொதுக் கிணற்றில் தண்ணீர் சுமந்துகொண்டுதான் திமித்ரி ஸாபரோஜெட்ஸ் அதை எழுத ஆரம்பித்தார். அந்த மென்பொருளை வாங்குகிறவர் கிணற்றைப் பார்த்தா விலை பேசுகிறார்? உழைப்புக்குத்தான் கூலி, முகவரிக்கு இல்லை.

முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவுக்குள் எங்கிருந்து வேலை செய்தாலும் ஒரே சம்பளம் என்று 2020-ல் ரெடிட் அறிவித்தது. சிகாகோவின் பேஸ்கேம்ப் இன்னும் ஒரு படி மேலே: சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஊழியர்கூட இல்லாதபோதே, எல்லாருக்கும் அந்த ஊரின் உச்சச் சம்பளம் கொடுத்தது!